கார்புரேட்டரா, இன்ஜெக்‌ஷனா? - ஒரு டிரையம்ப் காரின் கதை

பழைய கார்களை வாங்கிச் சரிசெய்து ஓட்டும் ஆட்கள் இரண்டு பேர் சந்தித்தால் போதும், கொஞ்ச நேரத்தில் இந்தச் சண்டை வந்துவிடும். எஞ்சினுக்குப் பெட்ரோலை எப்படிக் கொடுப்பது? வரிசையாக இரண்டு மூன்று கார்புரேட்டர் போட்டா, இல்லை இன்ஜெக்‌ஷன் வைத்தா? ஒருவர் "கார்புரேட்டர் சத்தம் இல்லாத கார் ஒரு காரா?" என்பார். மற்றவர் "காலையில் ஒரே திருப்பில் ஸ்டார்ட் ஆக வேண்டாமா?" என்பார். பக்கத்தில் நிற்பவருக்கு இது பழசுக்கும் புதுசுக்கும் நடக்கிற சண்டை மாதிரித் தெரியும்.

அப்படி இல்லை என்பது என் கட்சி. அதற்குச் சாட்சியாக ஒரு காரைக் கூட்டி வருகிறேன். இங்கிலாந்தின் கோவன்ட்ரியில் இருந்த டிரையம்ப் கம்பெனி 1967-ல் ஒரே ஸ்போர்ட்ஸ் காரை இரண்டு விதமாகச் செய்தது. பிரிட்டனுக்கும் ஐரோப்பாவுக்கும் இன்ஜெக்‌ஷனோடு டி.ஆர்.5. வட அமெரிக்காவுக்கு இரட்டைக் கார்புரேட்டரோடு டி.ஆர்.250. உடம்பு ஒன்று, எஞ்சின் ஒன்று, சோறு ஊட்டும் விதம் மட்டும் வேறு. இதைவிட நல்ல பரிசோதனை கிடைக்காது!

முதலில் கொஞ்சம் அடிப்படை. (மெக்கானிக்கல் மக்கள் இந்தப் பத்தியைத் தாண்டிவிடலாம்.) கார்புரேட்டர் என்பது நடுவில் குறுகிய ஒரு குழாய். எஞ்சின் உறிஞ்சும் காற்று அந்த இடுக்கில் வேகமாகப் போகும்போது அங்கே அழுத்தம் குறைகிறது. அந்தக் குறைந்த அழுத்தம் பக்கத்துக் கிண்ணத்தில் இருக்கும் பெட்ரோலை ஒரு சின்னத் துளை வழியாக இழுத்துக்கொள்கிறது. அந்தத் துளைதான் ஜெட். பம்புக்குப் பெரிய வேலை இல்லை, கரண்ட் வேண்டாம், கணக்குப் போட ஆளும் வேண்டாம். காற்று அதிகம் போனால் பெட்ரோலும் அதிகம் வரும். 14.7 பங்கு காற்றுக்கு ஒரு பங்கு பெட்ரோல் (எடையில்) என்பது இலட்சியம். கார்புரேட்டர் அதன் பக்கத்தில் எங்கோ சுற்றிக்கொண்டிருக்கும்.

சரி, ஒன்று போதாதா, ஏன் இரண்டு மூன்று? கல்யாணப் பந்தியை நினைத்துக்கொள்ளுங்கள். நீளமான வரிசைக்கு ஒரே ஆள் சாம்பார் வாளியோடு ஓடினால் சில இலையில் குளம் கட்டும், சில இலை காய்ந்து கிடக்கும். ஆறு சிலிண்டர் வரிசையாக நிற்கும் எஞ்சினில் நடுவில் ஒரே ஒரு கார்புரேட்டர் வைத்தால் இதுதான் நடக்கும். பெட்ரோல் துளிகள் நீண்ட குழாயின் சுவரில் ஒட்டிக்கொள்ளும், வளைவுகளில் தங்கிவிடும், எல்லா சிலிண்டருக்கும் ஒரே அளவு போகாது. மூன்று பேர் பரிமாறினால் பந்தி சீராக நடக்கும். ஆனால் மூன்று பேர் கையும் ஒரே அளவாக இருக்க வேண்டுமே! அதற்குத்தான் 'பேலன்ஸ்' பண்ணுவது. அந்தக் கால மெக்கானிக் ஒரு ரப்பர் குழாயின் ஒரு முனையைக் காதிலும் மறுமுனையை ஒவ்வொரு கார்புரேட்டர் வாயிலும் வைத்து 'உஸ்ஸ்' சத்தம் ஒன்றுபோல் இருக்கிறதா என்று கேட்பார். இன்றைக்குக் காற்றின் வேகத்தை அளக்கும் சின்னக் கருவி இருக்கிறது. ஆனாலும் காதை நம்புகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

இன்ஜெக்‌ஷன் என்பது ஒவ்வொரு இலைக்கும் தனித்தனியாக அளந்து வைப்பது. இது ஒன்றும் கம்ப்யூட்டர் காலத்துச் சமாச்சாரம் இல்லை. 1940-ல் பிரிட்டன் வானத்தில் நடந்த சண்டையில் ஜெர்மனியின் மெஸ்ஸர்ஷ்மிட் 109 விமானங்களின் எஞ்சினில் இன்ஜெக்‌ஷன் இருந்தது. பிரிட்டனின் ஸ்பிட்ஃபயரில் இருந்த ரோல்ஸ் ராய்ஸ் மெர்லின் எஞ்சினில் கார்புரேட்டர். ஜெர்மன் விமானி மூக்கைச் சட்டென்று கீழே குத்திப் பாய்ந்தால் ஸ்பிட்ஃபயரால் அப்படியே பின்தொடர முடியாது. கார்புரேட்டர் கிண்ணத்தில் இருக்கும் பெட்ரோல் மேலே எழும்பி எஞ்சின் திணறும். 1941-ல் பியாட்ரிஸ் ஷில்லிங் என்ற பெண் பொறியாளர் நடுவில் துளை போட்ட ஒரு சின்ன உலோகத் தடுப்பைப் பெட்ரோல் குழாயில் வைத்து இதற்குத் தற்காலிக வைத்தியம் செய்தார். சரி, ரோல்ஸ் ராய்ஸ்காரர்களுக்கு இன்ஜெக்‌ஷன் தெரியாதா? தெரியும். சூப்பர்சார்ஜருக்கு முன்னாலேயே பெட்ரோல் ஆவியானால் காற்று சுமார் 25 டிகிரி குளிர்கிறது, குளிர்ந்த காற்று அடர்த்தியானது, அதனால் கூடுதல் சக்தி கிடைக்கிறது என்பது அவர்கள் கணக்கு. தெரிந்தே எடுத்த முடிவு அது. இந்தத் தகவலைப் படித்த பிறகுதான் 'கார்புரேட்டர் = பிற்போக்கு' என்ற சமன்பாடு எனக்குள் உடைந்தது.

போருக்குப் பிறகு அந்த அறிவு காருக்கு வந்தது. 1954-ல் மெர்சிடிஸ் 300 எஸ்.எல். போஷ் கம்பெனியின் பம்ப் சிலிண்டருக்குள்ளேயே நேரடியாகப் பெட்ரோலைப் பீய்ச்சியது. பிரமாதமான கார்தான். ஆனால் சாவியை அணைத்தாலும் எஞ்சின் சுற்றி நிற்கும் வரை பம்ப் பீய்ச்சிக்கொண்டே இருக்கும். எரியாத பெட்ரோல் சிலிண்டர் சுவரில் இருக்கும் எண்ணெயைக் கழுவிவிடும். 1957-ல் அமெரிக்காவில் செவ்ரோலே கார்வெட் காருக்கு இன்ஜெக்‌ஷன் வந்தது. 283 கன அங்குல எஞ்சினில் 283 குதிரைத்திறன் என்று விளம்பரம். அந்த வருடம் விற்ற 6,339 கார்வெட்டுகளில் 1,040 மட்டும்தான் இன்ஜெக்‌ஷன் வாங்கின. வாங்கியவர்களிலும் பலர், ஊர் மெக்கானிக்குக்கு அது புரியாததால், கழற்றிவிட்டுக் கார்புரேட்டர் மாட்டிக்கொண்டார்கள். 1965-ல் கார்புரேட்டர் வைத்த பெரிய எஞ்சின் அதைவிடக் குறைந்த விலையில் அதிகச் சக்தி கொடுத்தது. அதோடு கதை முடிந்தது.

இதை நினைவில் வைத்துக்கொண்டு கோவன்ட்ரிக்கு வருவோம்.

டிரையம்பின் டி.ஆர். வரிசை 1953-ல் வந்த டி.ஆர்.2-ல் தொடங்கியது. அதன் நாலு சிலிண்டர் எஞ்சின் ஸ்டாண்டர்ட் வேன்கார்ட் காருடையது. ஃபெர்குசன் டிராக்டரில் இருந்ததும் அதே குடும்பம்தான். ஸ்போர்ட்ஸ் காருக்குள் டிராக்டரின் சொந்தக்காரர் :-) அதையே பெரிதாக்கிப் பெரிதாக்கி டி.ஆர்.4ஏ வரை ஓட்டினார்கள். 2,138 சிசி, 104 குதிரைத்திறன். அதற்கு மேல் அது தாங்காது. அதனால் தங்கள் 2000 சலூனில் இருந்த ஆறு சிலிண்டர் எஞ்சினை எடுத்து, பிஸ்டன் ஓடும் நீளத்தை 76 மில்லிமீட்டரில் இருந்து 95 ஆக நீட்டி 2,498 சிசி ஆக்கினார்கள். வாடிக்கையாளர் வித்தியாசத்தை உணர வேண்டும் என்றால் சக்தி நன்றாக ஏற வேண்டும். அதற்கு வால்வுகளை அதிக நேரம் திறந்து வைக்கும் வேகமான கேம்ஷாஃப்ட் வேண்டும். அப்படிப்பட்ட கேம்ஷாஃப்ட்டோடு சாதாரணக் கார்புரேட்டரில் எஞ்சின் ஐடிலிங்கில் குதிக்கும். எனவே லூகாஸ் கம்பெனியின் மெக்கானிக்கல் இன்ஜெக்‌ஷன்.

இந்த லூகாஸ் அமைப்பு எப்படி வேலை செய்தது என்று படித்தபோது எனக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. ஒரு டிரான்சிஸ்டர்கூட இல்லை. டிக்கியில் ஒரு மின்சாரப் பம்ப், பெட்ரோலைச் சதுர அங்குலத்துக்கு 100 பவுண்டுக்கும் மேற்பட்ட அழுத்தத்தில் தள்ளும். (கார்புரேட்டருக்கு மூன்று நாலு பவுண்டு போதும்.) எஞ்சின் பக்கத்தில் 'மீட்டரிங் யூனிட்' என்ற ஒரு உருளை. அதற்குள் சுழலும் உருளையின் நடுவில் ஒரு சின்னத் தறி நாடா மாதிரி உலோகத் துண்டு, இரண்டு தடுப்புகளுக்கு நடுவே முன்னும் பின்னும் ஓடும். ஓட்டுவது அந்தப் பெட்ரோலின் அழுத்தமேதான். ஒரு முறை ஓடினால் ஒரு சிலிண்டருக்கு ஒரு கரண்டி பெட்ரோல். இரண்டு தடுப்புகளுக்கு இடையே உள்ள தூரம்தான் கரண்டியின் அளவு. அந்தத் தூரத்தை மாற்றுவது எஞ்சின் உறிஞ்சும் குழாயில் இருக்கும் வெற்றிடம். ஆக்சிலேட்டரை மிதித்தால் வெற்றிடம் குறையும், தடுப்பு விலகும், கரண்டி பெரிதாகும். அவ்வளவுதான்! காற்றின் வெப்பம், மலை உயரம் எதுவும் அதற்குத் தெரியாது. தெரிந்த ஒரே விஷயம் வெற்றிடம்.

டி.ஆர்.5 150 குதிரைத்திறன் என்று வந்தது. மணிக்கு 60 மைல் வேகத்தை 9 நொடிக்குள் தொட்டது. 1967-68-ல் மொத்தம் 2,947 கார்கள் செய்தார்கள்.

அமெரிக்காவில் என்ன ஆனது? அங்கே 1968 மாடல் கார்களுக்குப் புகை கட்டுப்பாடு நாடு முழுவதும் வந்தது. லூகாஸ் அமைப்பு மெதுவாக ஓடும்போது பெட்ரோலைத் தாராளமாகவே ஊற்றும். சட்டத்துக்குள் அதை அடக்குவது கஷ்டம். விலையும் கூடும். அதனால் இரண்டு ஸ்ட்ராம்பெர்க் கார்புரேட்டர்களை மாட்டி, சாதுவான கேம்ஷாஃப்ட் போட்டு, டி.ஆர்.250 என்று பெயர் வைத்து அனுப்பினார்கள். 104 குதிரைத்திறன். ஆமாம், பழைய நாலு சிலிண்டர் காரில் இருந்த அதே 104! 60 மைலைத் தொட 10 நொடிக்கு மேல். ஆனாலும் 8,484 கார்கள் விற்றன. டி.ஆர்.5-ஐப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு.

இங்கே ஒரு நிமிடம் நிற்க வேண்டும். 150-க்கும் 104-க்கும் உள்ள வித்தியாசத்தைக் காட்டி "பார்த்தீர்களா, இன்ஜெக்‌ஷனால் 46 குதிரை கூடுதல்" என்று பலரும் எழுதுகிறார்கள். இது நியாயமான ஒப்பீடு இல்லை. இரண்டிலும் கேம்ஷாஃப்ட் வேறு. கம்ப்ரஷன் விகிதமும் வேறு: ஒன்றில் 9.5, மற்றதில் 8.5. பெரும்பகுதிக் குதிரைகள் அங்கிருந்துதான் வந்தன. டி.ஆர்.5 எஞ்சினிலேயே ஒரு சிலிண்டருக்கு ஒரு வாய் என்று மூன்று இரட்டை வெபர் கார்புரேட்டர்களை வைத்து ஒழுங்காக டியூன் செய்தால் உச்ச சக்தி இன்ஜெக்‌ஷனுக்கு நெருக்கமாகவே வரும். உச்ச சக்தியை வைத்து இந்த வழக்கைத் தீர்க்க முடியாது.

அப்படியானால் எதை வைத்துத் தீர்ப்பது? டி.ஆர்.5-க்குப் பின் நடந்ததைப் பாருங்கள்.

லூகாஸ் இன்ஜெக்‌ஷனுக்குக் கெட்ட பெயர் சீக்கிரமே வந்தது. முதல் குற்றவாளி அந்த டிக்கி பம்ப். அதன் மோட்டார் வைப்பர் மோட்டாரில் இருந்து உருவானது. மழையில் கண்ணாடி துடைக்கிற மோட்டாரைக் கொண்டு 100 பவுண்டு அழுத்தம் கொடுக்கச் சொன்னால் சூடாகத்தான் செய்யும். வெயில் நாளில், டேங்கில் பெட்ரோல் குறைவாக இருந்தால், சூடான பெட்ரோல் பம்புக்குள் ஆவியாகி, அழுத்தம் விழுந்து, கார் நடுரோட்டில் நின்றுவிடும். உறைந்த பட்டாணிப் பாக்கெட் வாங்கிப் பம்பின் மேல் வைத்து வீடு போய்ச் சேர்ந்த கதையை இங்கிலாந்தில் டி.ஆர். ஓட்டியவர்கள் இன்றைக்கும் சொல்லிச் சிரிக்கிறார்கள். அன்றைக்குச் சிரித்திருக்க மாட்டார்கள்.

பெட்ரோல் தீர்ந்து நின்றாலும் தொல்லைதான். குழாய்களில் காற்றுப் புகுந்துவிடும். இன்ஜெக்டரைக் கழற்றிக் காற்றை வெளியேற்றும் வரை அந்த சிலிண்டர் வேலை செய்யாது. மீட்டரிங் யூனிட்டின் உள் பாகங்கள் அவ்வளவு நெருக்கமாகக் கடையப்பட்டவை, கொஞ்சம் தூசி போனாலே காலி.

ஆனால் இதெல்லாம் தீராத நோய் இல்லை. முழுக் காரணமும் இல்லை. உள்ளூர் ஷெட்டில் கார் வந்து நின்றதும் மெக்கானிக் என்ன செய்வார்? அவருக்குத் தெரிந்தது கார்புரேட்டர். அதில் திருகு இருக்கும், திருகினால் சரியாகும். மீட்டரிங் யூனிட்டிலும் திருகுகள் இருந்தன. அவை தொழிற்சாலையில் கருவி வைத்து அமைத்தவை. அவர் அதையும் திருகினார்! அப்புறம் அந்தக் கார் ஒழுங்காக ஓடியதாகச் சரித்திரமே இல்லை. இதே எஞ்சின், இதே இன்ஜெக்‌ஷனோடு டிரையம்ப் 2.5 பி.ஐ. சலூன் 1970-ல் லண்டனில் இருந்து மெக்சிகோ வரை நடந்த உலகக் கோப்பை ராலியில் ஓடி இரண்டாவதாக வந்தது. பிரையன் கல்செத் ஓட்டினார். கூடவே புரிந்த ஆட்கள் இருந்தார்கள், அதனால் ஆண்டஸ் மலையைக்கூடத் தாண்டியது. புரிந்த ஆள் இல்லாத இடத்தில் அது ஊர் எல்லையைத் தாண்டவில்லை.

1970-80களில் பிரிட்டனில் ஆயிரக்கணக்கில் என்று சொல்ல எனக்குக் கணக்கு இல்லை, ஆனால் நிறையப் பேர் இன்ஜெக்‌ஷனைக் கழற்றிக் கார்புரேட்டர் மாட்டினார்கள். 1961-ல் இதே லூகாஸ் அமைப்போடு வந்த மாசெராட்டி 3500 ஜி.டி.ஐ. காருக்கும் இதே கதிதான். கடைசியில் கம்பெனியே மனம் மாறியது. 1975-ல் 132 குதிரைத்திறன் கொண்ட பி.ஐ. சலூனை நிறுத்திவிட்டு, இரட்டை எஸ்.யு. கார்புரேட்டரோடு 106 குதிரைத்திறன் 2500 எஸ். டி.ஆர்.5-க்குப் பின் வந்த டி.ஆர்.6-லும் இன்ஜெக்‌ஷன் வகை 1975-ல் நின்றது. அமெரிக்கக் கார்புரேட்டர் வகை 1976 வரை ஓடியது.

இதற்கப்புறம்தான் வேடிக்கை. 1967-ல் அமெரிக்கப் புகைச் சட்டம் டிரையம்பை இன்ஜெக்‌ஷனில் இருந்து கார்புரேட்டருக்குத் துரத்தியது. 1980-ல் கலிஃபோர்னியாவின் புகைச் சட்டம் அதே டிரையம்பைக் கார்புரேட்டரில் இருந்து இன்ஜெக்‌ஷனுக்குத் துரத்தியது! அங்கே விற்ற டி.ஆர்.7, டி.ஆர்.8 கார்களில் மின்னணு இன்ஜெக்‌ஷன் வந்தது. இடையில் மாறியது ஒன்றுதான். 1970களின் நடுவில் வால்வோ கம்பெனி புகைக் குழாயில் ஆக்சிஜனை மோந்து பார்க்கும் சென்சாரைக் காரில் கொண்டுவந்தது. அதுவரை எந்த அமைப்புக்கும், கார்புரேட்டரோ லூகாஸோ, தான் ஊற்றியது அதிகமா குறைவா என்று திரும்பிப் பார்க்கத் தெரியாது. இதற்குத் தெரிந்தது.

நம் ஊர்ப் பக்கமும் இந்தக் கதையின் ஒரு வால் இருக்கிறது. டிரையம்பின் தாய்க் கம்பெனியான ஸ்டாண்டர்டின் இந்தியக் கிளையாகத் தொடங்கியதுதான் சென்னையில் ஸ்டாண்டர்ட் ஹெரால்டு செய்த கம்பெனி. அதே கம்பெனி 1985-ல் ரோவர் எஸ்.டி.1 காரின் உடம்பை வாங்கி 'ஸ்டாண்டர்ட் 2000' என்று விட்டது. இங்கிலாந்தில் அதே உடம்பில் 1982 முதல் இன்ஜெக்‌ஷன் வைத்த வி8 எஞ்சின், 190 குதிரை. இங்கே? வேன்கார்ட் வழிவந்த பழைய 1,991 சிசி கார்புரேட்டர் எஞ்சின். டி.ஆர்.2-ல் இருந்த அதே குடும்பம்! கார் மூன்று வருடம்கூடத் தாங்கவில்லை. அதற்குக் காரணம் கார்புரேட்டர் இல்லை. அது தனிப் பதிவுக்கான சங்கதி.

இன்று ஒரு டி.ஆர்.5 அல்லது டி.ஆர்.6 வைத்திருப்பவர் முன்னால் மூன்று வழிகள். லூகாஸை அப்படியே வைத்துக்கொள்வது. மூன்று வெபர் மாட்டுவது. வெபர் மாதிரியே தோற்றமுள்ள த்ராட்டில் பாடிகளோடு முழு மின்னணு இன்ஜெக்‌ஷன் போடுவது.

என்னைக் கேட்டால், லூகாஸ் இருக்கும் காரில் அதைக் கழற்றுவதற்கு இன்றைக்குக் காரணம் இல்லை. வைப்பர் மோட்டார் பம்புக்குப் பதில் போஷ் பம்ப் வைத்தால் பாதி வியாதி போய்விடும். மீட்டரிங் யூனிட்டை முறையாகச் சோதித்துப் புதுப்பித்துக் கொடுக்கும் நிபுணர்கள் பிரிட்டனில் இருக்கிறார்கள். 1975-ல் இல்லாத அறிவு இன்று கிடைக்கிறது.

வெபர் அழகுதான், அந்தச் சத்தமும் அழகுதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஆறு வாய்க்கும் ஜெட், காற்றுத் துளை என்று பொருத்திப் பார்த்து மாற்ற வேண்டும். பெட்ரோலும் முன்பு போல் இல்லை. பிரிட்டனில் 2021 செப்டம்பர் முதல் சாதாரணப் பெட்ரோலில் 10 சதவீதம் வரை எத்தனால். எத்தனால் கலந்தால் எரிய வேண்டிய விகிதமே 14.7-ல் இருந்து 14.1 பக்கம் இறங்குகிறது. அதாவது பழைய ஜெட்டில் கலவை கொஞ்சம் வறண்டு போகும். பழைய ரப்பர் சீல்களையும் எத்தனால் அரிக்கும். இந்த ரப்பர் தொல்லை லூகாஸுக்கும் உண்டு.

மின்னணு இன்ஜெக்‌ஷன் இதையெல்லாம் தானே சரிசெய்துகொள்ளும். ஆனால் அதில் ஒரு பழைய சிக்கல் ஒளிந்திருக்கிறது. ஆறு வாய், வேகமான கேம்ஷாஃப்ட் இரண்டும் சேர்ந்தால் ஐடிலிங்கில் வெற்றிடம் நடுங்கிக்கொண்டே இருக்கும். லூகாஸ் நம்பியது அந்த வெற்றிடத்தை மட்டும்தான். இன்றைய கம்ப்யூட்டர் அதை நம்பாமல், ஆக்சிலேட்டர் எவ்வளவு திறந்திருக்கிறது, எஞ்சின் எவ்வளவு வேகம் என்ற இரண்டையும் வைத்து அட்டவணை பார்த்துப் பெட்ரோல் கொடுக்கும். அந்த அட்டவணையை யாராவது உட்கார்ந்து நிரப்ப வேண்டும். நிரப்பியவர் ஊரைவிட்டுப் போய்விட்டால், 1970-ல் மீட்டரிங் யூனிட் முன்னால் நின்ற மெக்கானிக் நிலைமைதான் அடுத்தவருக்கு. தினமும் ஓட்டுகிறவருக்கும், லேப்டாப்போடு மல்லுக்கட்டப் பிடிக்கிறவருக்கும் இது சரி. மாதம் ஒரு ஞாயிறு ஓட்டுகிறவருக்கு வீண் செலவு என்பேன்.

டி.ஆர்.250 வைத்திருப்பவர்? அந்த இரண்டு ஸ்ட்ராம்பெர்க்கை ஒழுங்காகச் சரிசெய்து ஓட்டட்டும். சக்தி வேண்டுமென்றால் முதலில் கேம்ஷாஃப்டையும் கம்ப்ரஷனையும் பார்க்கட்டும், கார்புரேட்டரை இல்லை.

ஆனால் இப்போது இன்னொரு விளையாட்டு நடக்கிறது. டி.ஆர்.5 அரிது, விலை அதிகம். அதனால் சிலர் டி.ஆர்.250-ஐ வாங்கி லூகாஸ் இன்ஜெக்‌ஷனைத் தேடிப் பிடித்து மாட்டுகிறார்கள், ஒரு காலத்தில் கழற்றி மூலையில் எறிந்த அதே சாமானை! எனவே டி.ஆர்.5 என்று சொல்லி யாராவது விற்க வந்தால் பானட்டைத் திறக்கும் முன் சேசிஸ் எண்ணைப் பாருங்கள். 'சி.பி.' என்று தொடங்கினால் அது டி.ஆர்.5-ஆகப் பிறந்தது. 'சி.டி.' என்றால் கார்புரேட்டரோடு அமெரிக்கா போய்த் திரும்பி வந்தது.